துளை யார் போடுவது? வீட்டு மின்கருவிகள் பற்றிய கேள்வியும் அதன் விடைகளும்

வீட்டுச் சில்லறை வேலைகளுக்கு ஒரு குடும்பம் மின்கருவி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமா, வாடகைக்கு எடுக்க வேண்டுமா, வேலை தெரிந்த ஆளிடமே விட்டுவிட வேண்டுமா? கேட்கச் சின்னக் கேள்விதான். ஆனால் கடந்த நூறாண்டில் இதற்குச் சொல்லப்பட்ட விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் பொருளாதாரம், சாதி, உடல்நலம், பள்ளிக் கல்வி எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. அந்த விடைகள் பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையே உள்ள காடாம்புலியூர் வட்டாரத்துக்கு எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்று இக்கட்டுரை பார்க்கிறது. முந்திரியும் பலாவும் விளையும் செம்மண் பூமி இது. புயல் பலமுறை வந்துபோன பூமி. கடந்த இருபதாண்டுகளுக்குள் கூரை வீடுகள் மளமளவென்று காங்கிரீட் வீடுகளாக மாறியதும் இங்கேதான்.

சுவர் மாறியதும் கேள்வி பிறந்தது

மின்கருவி பற்றிய பேச்சைப் பெரும்பாலும் கருவியிலிருந்து தொடங்குகிறார்கள். சுவரிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று தோன்றுகிறது. மண்சுவரும் பனை வாரையும் கொண்ட கூரை வீட்டில் துளைக்கு வேலையே இல்லை. உறி உத்திரத்தில் தொங்கும், விளக்கு மாடக்குழியில் இருக்கும், கொடிக்கயிற்றை வாரையில் கட்டினால் போதும். மிஞ்சிப்போனால் மரத்தில் ஓர் ஆணி.

2010இல் தொடங்கிய கலைஞர் வீட்டுவசதித் திட்டம், 2011இல் வந்த பசுமை வீடு திட்டம், அதே ஆண்டு டிசம்பர் 30இல் கரை கடந்த தானே புயலுக்குப் பின் கடலூர், விழுப்புரம் மாவட்டக் குடிசைகளுக்காக அறிவிக்கப்பட்ட வீடுகள், 2016 முதல் பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம், 2024 முதல் கலைஞரின் கனவு இல்லம் என்று அடுத்தடுத்து வந்த திட்டங்கள் அந்தச் சுவரை மாற்றின. கனவு இல்லத்தின் அளவு 360 சதுர அடி. பசுமை வீடு 300 சதுர அடி. இவ்வளவு சிறிய வீட்டில் தரை படுக்கவும் நடக்கவுமே சரியாகப் போய்விடும். பாத்திரம், துணி, பிள்ளைகளின் புத்தகம், தொலைக்காட்சி, கொசுவலை எல்லாம் சுவரில்தான் ஏறியாக வேண்டும். ஆகவே சுவரில் நல்ல துளை போடும் தேவை பங்களாவைவிடத் தொகுப்பு வீட்டுக்கே அதிகம். மின்கருவி வசதி படைத்தவரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் இந்த இடத்தில் அடிபடுகிறது.

முன்பெல்லாம் உளியும் சுத்தியலும் வைத்துச் சுவரைக் கொத்தி, மரக்கட்டையைச் செருகி, சிமெண்டால் பூசி, மறுநாள் அதில் திருகாணி ஏற்றுவார்கள். இங்கிலாந்தில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் 1911 வாக்கில் சிறு துளைக்குள் விரியும் நார்ப் பிளக்கை உருவாக்கினார். பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சுவர்களைச் சிதைக்காமல் மின்பொருள்களைப் பொருத்த வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958இல் அதைப் பிளாஸ்டிக்கில் செய்தார். இன்று எந்த இரும்புக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அந்தப் பிளக்தான் டிரில்லிங் மெஷினை வீட்டுப் பொருளாக்கியது எனலாம். பிளக் இல்லாவிட்டால் வீட்டுச் சுவரில் ஆறு மில்லிமீட்டர் துளையால் பெரிய பயன் இல்லை.

கருவி யார் கையில்?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குத் தனி ஒரு கூர்மை உண்டு. இங்கே உளி, இழைப்புளி, இரம்பம் எல்லாம் நெடுங்காலம் குறிப்பிட்ட சாதியாரின் கையில் இருந்தவை. மர வேலை ஆசாரியுடையது என்ற ஏற்பாட்டில் திறமை தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்டது. பண்ருட்டிப் பலா மரத்திலிருந்து வீணையும் மிருதங்கமும் பிறந்தது அந்தத் திறமையால்தான். ஆனால் அதே ஏற்பாடுதான் மற்றவரைக் கருவியிலிருந்து விலக்கியது. ஆசாரியின் மகனையும் அதிலேயே கட்டிப்போட்டது.

1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோர் தொழிலிலும் கழிக்கலாம் என்றது. குலக்கல்வி என்று பெயர் பெற்று, கடும் எதிர்ப்புக்கு ஆளாகி, 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்ப்பின் முன்னணியில் நின்ற பெரியார் இயந்திரத்தை வரவேற்றவர். மனிதனின் உடலுழைப்பை இயந்திரம் குறைக்கும் என்பது ‘இனிவரும் உலகம்’ நூலில் அவர் வைத்த எதிர்பார்ப்பு. இந்த நோக்கில், பழக்கம் இல்லாதவரும் பிறப்பைக் கேட்காமல் எடுத்து வேலை செய்ய முடிகிற கருவி ஒரு சமத்துவச் சாதனம்.

காந்தியின் நிலை பலர் நினைப்பதைவிட நுட்பமானது. 1924இல் ஜி. ராமச்சந்திரன் அவரிடம் எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். இந்த ராமச்சந்திரன்தான் பிற்பாடு சௌந்தரம் அம்மையாருடன் காந்திகிராமத்தை நிறுவியவர். காந்தி தம் விடையில் சிங்கர் தையல் இயந்திரத்தை விலக்காக்கினார். தனி ஒருவரின் சிரமத்தைக் குறைக்கும் கருவியை அவர் மறுக்கவில்லை. ஆளை வேலையிலிருந்து தள்ளும் இயந்திர மோகத்தையே மறுத்தார். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா இதைப் பொருளாதாரமாக விரித்தார். கருவி உழைப்பவனின் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அவர் பார்வை. அதன்படி பார்த்தால் வீட்டு டிரில்லிங் மெஷின் தையல் இயந்திரத்தின் பக்கமே நிற்கும். ஆனால் வீட்டுக்கு ஒரு மெஷின் வந்தால் ஊர்த் தச்சருக்கும் வயர்மேனுக்கும் வேலை குறையுமா என்ற கேள்விக்கு இந்த மரபில் நேரான விடை கிடைப்பதில்லை.

வாதம் இன்னும் ஓயவில்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்கு 15,000 ரூபாய் வரை கருவி உதவி தருகிறது. குடும்பத் தொழிலோடு இணைத்ததையும் 18 வயதே போதும் என்றதையும் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. 35 வயது நிறைந்தவர்க்கு, 25 தொழில்களுக்கு, மானியத்துடன் கூடிய கடன் என்று கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் அது தொடங்கியது. எழுபதாண்டு இடைவெளிக்குப் பிறகும் கருவியை யாருக்கு, எந்த வயதில், எந்த அடிப்படையில் தருவது என்பதே சர்ச்சையாக இருக்கிறது. இரண்டு திட்டங்களும் தொழிலாளியைப் பற்றியே யோசிக்கின்றன. வீட்டாரைக் கருவி பிடிப்பவராக இரண்டுமே கருதவில்லை.

‘வாங்கிவிடு’ என்பவர்கள்

கையில் பிடிக்கும் மின் டிரில்லின் வரலாறு தொழிற்கூடத்தில் தொடங்குகிறது. 1889இல் மெல்போர்னில் ஆர்னாட்டும் பிரெய்னும் மின் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1895இல் ஸ்டுட்கார்ட்டின் ஃபைன் நிறுவனம் கையில் தூக்கும் டிரில்லைச் செய்தது. துப்பாக்கிப் பிடியும் விசையும் 1917இல் பிளாக் அண்டு டெக்கர் பெற்ற காப்புரிமையோடு வந்தன. அந்நிறுவனம் 1946இல் வீட்டாருக்கென்றே டிரில்களை விற்கத் தொடங்கியது. போருக்குப் பிந்திய அமெரிக்காவில் கூலி உயர்ந்திருந்தது. புறநகர்களில் மரச் சட்டங்களால் கட்டிய புது வீடுகள் பெருகின. ‘நீங்களே செய்யுங்கள்’ என்ற இயக்கம் அங்கே வளர்ந்ததற்கு இவை இரண்டுமே காரணம்.

காடாம்புலியூரில் இவை இரண்டும் அப்படியே கிடையாது. வீடு செங்கல்லிலும் காங்கிரீட்டிலும் ஆனது. கூலி ஏறியிருந்தாலும் அமெரிக்கக் கணக்குக்கு ஏறவில்லை. ஆனால் வாங்கச் சொல்பவர்கள் கூலியைப் பேசுமளவுக்கு ஆள் கிடைப்பதைப் பேசுவதில்லை. இங்கே பெரிய சிக்கல் அதுதான். இரண்டு துளைக்காக எந்த வயர்மேனும் நாலு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வரமாட்டார். வந்தால் அவருக்குக் கட்டுப்படியாகாது. இப்படி நின்றுபோகும் சிறு வேலைகளுக்காக ஏறத்தாழ இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் ஓர் இம்பாக்ட் டிரில் வாங்குவது நியாயமாகவே படுகிறது. மின்கட்டணத்தை ஒரு பொருட்டாக எடுக்க வேண்டாம். 600 வாட் மெஷின் அரைமணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் 0.3 யூனிட்தான்.

இக்கட்சியின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. மெஷினை விற்கும் அளவுக்கு, சுவரைப் படிக்க அது சொல்லித் தருவதில்லை. துளையிலிருந்து உதிரும் தூளைக் கவனித்தால் சுவர் தன்னை அடையாளம் காட்டிவிடும். முதலில் வருவது வெளிறிய சிமெண்டுப் பூச்சு. அதற்குப் பின் செக்கச்செவேலென்று தூள் வந்தால் செங்கல். ஹேமர் முறையில் இம்பாக்ட் டிரில் எளிதாகப் போகும். சாம்பல் நிறத் தூள் வந்து பிட் நிதானமாக இறங்கினால், நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த பறக்கும் சாம்பல் கல்லாக இருக்கலாம். அதே சாம்பல் நிறம், ஆனால் பிட் நகராமல் முனை சூடேறினால் அது லிண்டலோ பீமோ ஆன காங்கிரீட்.

அங்கே இம்பாக்ட் டிரில்லை அழுத்தி மல்லுக்கட்டுவதில் பயனில்லை. அதற்குள் இருப்பவை ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளும் இரண்டு பல்தட்டுகள். நிமிடத்துக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் அடிகள் விழும், ஒவ்வொன்றும் மெலிந்த அடி. ரோட்டரி ஹேமரில் காற்றழுத்தத்தால் இயங்கும் உந்து பிட்டின் பின்புறத்தை அடிக்கிறது. அடிகள் நிமிடத்துக்குச் சில ஆயிரம்தான், ஆனால் ஒவ்வொன்றும் கனமானது. காங்கிரீட் நொறுங்குவது அதற்குத்தான். வருடத்துக்கு ஒருமுறை பீமில் துளை போட வேண்டிய வீடு ரோட்டரி ஹேமரை வாங்க வேண்டியதில்லை. செங்கல் சுவருக்கு இம்பாக்ட் டிரில் தாராளம். டைல்ஸ் மேல் போடும்போது ஹேமரை நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடங்க வேண்டும். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும் துளைக்கவே கூடாது. உள்ளே வயர் போகும் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

‘வாடகைக்கு எடு’ என்பவர்கள்

வாடகையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் கருவி சும்மா கிடக்கும் நேரம். ஒரு டிரில் தன் ஆயுளில் பத்துப் பதினைந்து நிமிடமே ஓடுகிறது என்று உலகெங்கும் ஒரு கணக்கு சொல்லப்படுகிறது. அந்தக் கணக்கின் அடிப்படை உறுதியானதாகத் தெரியவில்லை. எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்வது நல்லது. கருத்து மட்டும் பொய்யில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1979 முதல் பொது நூலகமே கருவிகளை இரவல் தருகிறது.

நமக்கு இது புதிதல்ல. கல்யாணத்துக்கு அண்டாவையும் ஜமுக்காளத்தையும் யாரும் வாங்குவதில்லை, வாடகைக் கடையிலிருந்தே எடுக்கிறோம். வீடு கட்டும்போது சென்ட்ரிங் தகடும் கலவை மெஷினும் வாடகைக்கு வருகின்றன. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் பொக்லைனையும் விவசாயிகளுக்கு வாடகைக்கு விடுகிறது. இவ்வளவு பழக்கம் இருந்தும் வீட்டு மின்கருவிக்கு மட்டும் கிராமத்தில் வாடகைக் கடை பெருகவில்லை. காரணத்தை ஊகிக்கத்தான் முடிகிறது. அண்டா நசுங்கினால் பார்த்தவுடன் தெரியும். ஆர்மேச்சர் பாதி எரிந்திருந்தால் கடைக்காரருக்கும் தெரியாது, எடுத்தவருக்கும் தெரியாது. பழுது யாரால் என்ற தகராறே வாடகையைக் கொன்றுவிடும்.

இதற்கு ஒரு மாற்றுவழி ஊரிலேயே இருக்கிறது. போர்வெல் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடைகள் இந்தப் பக்கம் நிறைய. டிரில்லுக்குக் கார்பன் மாற்றுவதும் ஆர்மேச்சர் பார்ப்பதும் அவர்களுக்குக் கைவந்த வேலை. மெஷினைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே வாடகைக்கும் விட்டால் அந்தத் தகராறு பாதி குறையும் என்று எதிர்பார்க்கலாம்.

தானே சொன்ன பாடம்

வாங்குவதா வாடகையா என்ற வாதத்துக்கு வெளியே நிற்க வேண்டிய கருவிகளும் உண்டு. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. பாதையிலும் கூரையிலும் கிடந்த மரங்களை அப்புறப்படுத்த இரம்பமும் கோடாரியும் போதவில்லை. மரம் அறுக்கும் மிஷினுக்கு ஏகப்பட்ட கிராக்கி. கரண்ட் பல நாள் இல்லாத ஊரில் பெட்ரோலில் ஓடும் மிஷின்தான் உதவும். அடுத்து 2015 வெள்ளம், 2020இல் நிவர், 2024இல் ஃபெஞ்சல் என்று வந்தபடியே இருக்க, வீட்டுக்கு வீடு ஒரு மிஷின் வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே.

ஆனால் அந்த எண்ணத்தை ஆதரிக்க முடியவில்லை. நிற்கும் மரத்தைவிடச் சாய்ந்த மரம் ஆபத்தானது. விழுந்த அடிமரம் வில்போல வளைந்து விசை ஏறிக் கிடக்கும். அமுங்கிய பக்கத்தில் அறுத்தால் சங்கிலி சிக்கிக்கொள்ளும். இழுபட்ட பக்கத்தில் அறுத்தால் மரம் பிளந்து ஆளை அடிக்கும். பாதி பிடுங்கிய வேர்த்தூர், அடிமரத்தின் பாரம் நீங்கியதும் மறுபடி குழிக்குள் விழும். இதைக் கண்ணால் அளக்கப் பல மரங்களை அறுத்த அனுபவம் வேண்டும். பெட்ரோலும் ஆயிலும் கலந்த எரிபொருளை ஊற்றியபடியே ஆண்டுக்கணக்கில் மூலையில் போட்டுவைத்தால் கார்புரேட்டர் பிசின் பிடித்து, புயலன்று மிஷின் கிளம்பவும் கிளம்பாது. ஊருக்கு இரண்டு மூன்று பேருக்குப் பயிற்சி தந்து, பஞ்சாயத்திலோ தீயணைப்பு நிலையத்திலோ மிஷினைப் பராமரிப்பதே நல்லது.

கட்டிங் மெஷினும் இந்த வரிசையில்தான் வருகிறது. நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். தட்டின் விளிம்பு அப்போது மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இரும்புக் கம்பி வெட்டச் செய்த இந்த மெஷினில் பல் வைத்த மர பிளேடை மாட்டிப் பலாப் பலகை அறுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. பெரிய தட்டு நுழைவதற்காகக் காப்பு மூடியையும் கழற்றிவிடுகிறார்கள். பல் மரத்தில் சிக்கிய நொடியில் மெஷின் துள்ளித் தொடையிலோ கழுத்திலோ பாய்கிறது. வேலை தெரிந்தவர்களுக்கே இது நடக்கிறது. கை தேர்ந்தால் ஆபத்து போய்விடும் என்ற வாதம் இந்த ஒரு பழக்கத்தைப் பொறுத்தவரை ஏற்கத் தக்கதில்லை. கருவியே அந்த வேலைக்கு உரியதல்ல.

தூளையும் சேர்த்துப் பேச வேண்டும். கல், டைல்ஸ், காங்கிரீட் வெட்டும்போது கிளம்பும் சிலிகா தூள் நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் தரும். மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் சேர்த்தது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது மென்தூளைத் தடுக்காது. தண்ணீர் விட்டு வெட்டுவதும் என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் அவசியம்.

மின்சாரமும் பேட்டரியும்

ஒயர் உள்ள மெஷினா, பேட்டரி மெஷினா என்பது பழைய கேள்வியின் புதிய கிளை. 1961இல் முதல் ஒயரில்லா டிரில் வந்தபோது அது பலமில்லாத பொருள். 2003க்குப் பின் லித்தியம் அயான் வந்ததும் நிலைமை மாறியது. 2008 முதல் சில ஆண்டுகள் மின்வெட்டில் தவித்த மாவட்டங்களுக்குப் பேட்டரியின் அருமை தெரியும். மெயினை அணைத்துவிட்டு, வயருக்குப் பயப்படாமல் துளைக்கலாம் என்பது கூடுதல் நன்மை.

எச்சரிக்கை பேட்டரி மேல் அச்சிட்ட எண்ணைப் பற்றியது. ஐந்து செல் கோத்த பேட்டரியின் இயல்பு அழுத்தம் 18 வோல்ட். முழுதாக ஏற்றியதும் 20, 21 என்று காட்டும். அதே ஐந்து செல்லின் மேல் 48, 88 என்று அச்சடித்து விற்கப்படும் மலிவு மெஷின்கள் ஏராளம். எண்ணைப் பார்த்து வாங்குபவர் ஏமாறுகிறார். செல் செத்தால் புதுப் பேட்டரி இதே ஊரில் கிடைக்குமா என்பதே முதலில் கேட்க வேண்டியது.

ஒயர் மெஷினில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது. அதற்கு எர்த் வயர் இல்லை, இரண்டு முனைப் பிளக்தான். எனவே எர்த் போட்டிருக்கிறோம் என்ற தைரியம் இங்கே உதவாது. ஒயர் கிழிந்து ஈரத்தில் கிடந்தால் காப்பாற்றுவது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபிதான். உடல் வழியாகக் கசியும் மின்சாரத்தை உணர்ந்து அது நொடிக்குள் துண்டித்துவிடும். டிரில்லுக்குச் செலவழிக்கும் முன் இதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதில் தயக்கம் தேவையில்லை. தொகுப்பு வீட்டுக் கட்டுமானத்திலேயே இது தவறாமல் பொருத்தப்பட்டால் இன்னும் நல்லது.

தீராதவை

இவ்வளவையும் வைத்து எட்டக்கூடிய முடிவு குறுகியதே. செங்கல் சுவர் கொண்ட சிறு வீட்டுக்கு ஓர் இம்பாக்ட் டிரில், நல்ல பிட் நான்கு, ஆர்சிசிபி ஒன்று ஆகியவை சொந்தமாக இருப்பது ஏற்புடையது. ரோட்டரி ஹேமர் வாடகைக்கு உரியது. மரம் அறுக்கும் மிஷினும் கட்டிங் மெஷினும் பயிற்சி பெற்றவர் கையில் இருக்க வேண்டியவை.

இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதவில்லை. வீட்டாரே செய்துகொள்ளும் சிறு வேலைகளால் தச்சர், வயர்மேன் வருமானம் குறைகிறதா, அல்லது அவர்கள் எப்படியும் வரமறுத்த வேலைகள்தான் முடிகின்றனவா என்பது ஊர்வாரியாக விசாரித்தால்தான் தெரியும். நாளெல்லாம் முந்திரி உடைத்துப் பதமாகப் பருப்பெடுக்கும் பெண்களின் கைப்பழக்கம் இந்தக் கருவிகளுக்கு எளிதில் வரக்கூடியதே. ஆனாலும் டிரில் பிடிக்கும் பெண்ணைக் காண்பது அரிதாக இருப்பதற்குப் பழக்கம் காரணமா, மெஷினின் எடையும் பிடியும் காரணமா என்பது ஆராயப்பட வேண்டியது. கருவிக் கல்வி ஐடிஐ வாசலுக்குள் மட்டும் இருக்க வேண்டுமா, எட்டாம் வகுப்பிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரலாமா என்ற கேள்வி 1953இன் கசப்பால் இங்கே தள்ளிப்போடப்பட்டே வந்திருக்கிறது. பிறப்பைக் கேட்காமல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகக் கற்றுத்தரும் பாடமாக அது அமைந்தால், அன்றைய மறுப்பின் காரணங்கள் இதற்கு எவ்வளவு பொருந்தும் என்பதைக் கல்வியாளர்கள் மீண்டும் எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.